பொண்ணுக்கு வித்யாவா விஷ்விகாவா?

புங்கோல்_அப்பா:
பொண்ணு பொறந்து இன்னையோட 29 நாள். இங்க சிங்கப்பூர்ல 42 நாளுக்குள்ள பிறப்பைப் பதியணும், லைஃப்எஸ்ஜிங்கிற அரசாங்க ஆப்ல எல்லாம் நிரப்பியாச்சு, பேர் கட்டம் மட்டும் காலி. ரோகிணி நட்சத்திரம், ஓ வ வி வு-லதான் ஆரம்பிக்கணுமாம். நான் வித்யாங்கிறேன், வைஃப் விஷ்விகாங்கிறா. என்ன பண்ண?

ஈசூன்காரன்:
வித்யாவே வைங்க ப்ரோ. விஷ்விகான்னா என்னன்னு யாரையாச்சும் கேட்டுப் பாருங்க, வெப்சைட்ல "பிரபஞ்சம்"னு போட்டிருப்பான், கீழ இன்னும் பத்து பேருக்கும் அதேதான் போட்டிருப்பான். எங்க அண்ணன் வீட்டு ஃபங்ஷன்ல "ன்விக்"னு முடியிற பசங்க மட்டும் மூணு, ஒன்னைக் கூப்பிட்டா மூணும் ஓடி வருது 😂

செங்காங்_வித்யா:
நானே வித்யாதான், சொல்லட்டுமா? ப்ரைமரில எங்க க்ளாஸ்ல மூணு வித்யா. பெரிய வித்யா, சின்ன வித்யா, கண்ணாடி வித்யா. நான் கண்ணாடி. செகண்டரில லென்ஸுக்கு மாறிட்டேன், அப்பவும் கண்ணாடிதான். விஷ்விகா வைங்க!

ஈசூன்காரன்:
ப்ரைமரி ஒன்னுல புள்ள தமிழ்ல தன் பேரை எழுதணுமே, அதை யோசிச்சீங்களா? க ங ச-வே தடுமாறும், அதுல ஷ்-க்கு எங்க போகும்?

செங்காங்_வித்யா:
வித்யா மட்டும் என்னவாம்? குமார், பிரியா, ராஜேஷ் எல்லாமே சமஸ்கிருதத்துலேர்ந்து வந்ததுதானே. நம்ம அப்பா அம்மா காலத்து ஃபேஷன், காது பழகிப்போச்சு, அவ்ளோதான்.

ஜூரோங்_கயல்:
தமிழ்ப் பேரு வச்சவ கஷ்டத்தையும் கேளுங்க. கயல்விழி. க்ளினிக்ல அந்த இசட் எச்-ஐப் பாத்ததுமே நர்ஸ் "விஸ்... விஸி...?"ன்னு இழுப்பாங்க, முடிக்கிறதுக்குள்ள நான் எந்திரிச்சுடுவேன். போன வாரம் காப்பி கப்புல "கைல்"னு எழுதிக் குடுத்தான், ஆம்பளப் பேரு! ஆனாலும் மாத்த மாட்டேன்லா, ஆயா வச்ச பேரு.

தேக்கா_மாமா:
தம்பி, ஐசில, அதான் அடையாள அட்டைல, டி/ஓ (இன்னாரோட மகள்) போட்டா உங்க பேரும் கூடவே வரும். ரெண்டையும் சேத்து சத்தமா சொல்லிப் பாருங்க. விஷ்விகா டி/ஓ முனியாண்டின்னா எப்படி இருக்கும்? அப்புறம் மாத்தணும்னா டீட் போல்னு பேர் மாத்துற பத்திரம் போடணும், லாயருக்குக் காசு.

புங்கோல்_அப்பா:
மாமா, என் பேரு கிட்டத்தட்ட அதுதான் 😅 கண்ணாடி வித்யா கதையை வைஃப்கிட்ட காட்டினேன், காட்டியிருக்கக் கூடாது, இப்ப வித்யாங்கிற பேச்சையே எடுக்க விட மாட்டேங்கிறா. இதுல வியாழக்கிழமை மாமியார் ஊர்லேர்ந்து வர்றாங்க, அவங்க கையில "வள்ளியம்மை" இருக்கு.