முடக்கிய இன்டெக்ஸை ஆப்டிமைசர் இன்னும் எடுக்கிறது – அவசரம், உதவுங்கள்

இரவுப்பணி:
வணக்கம். பெரிய அட்டவணை ஒன்றில், தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ்களை முடக்கிவிட்டேன். கட்டளை பிழையில்லாமல் ஓடியது. ஆனால் வினவல் எந்த வழியில் ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் போட்டால், அந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசர் அதே இன்டெக்ஸைத்தான் எடுக்கிறது. சர்வரை நிறுத்தித் தொடங்கியும் பார்த்துவிட்டேன். ஆப்டிமைசரில் எதை மாற்ற வேண்டும்? இன்றிரவுக்குள் முடித்தாக வேண்டும்.

வேர்முனை:
எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு? முடக்கக் கொடுத்த கட்டளையை அப்படியே எழுதுங்கள். "முடக்கினேன்" என்ற சொல்லுக்குத் தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் பொருள் மாறும்.

வரிசைக்கணக்கு:
ஆப்டிமைசர் பார்க்கும் புள்ளிவிவரம் பழசாகியிருக்கும். அதைப் புதுப்பிக்க அனலைஸ் டேபிள் ஓட்டுங்கள், சரியாகிவிடும்.

கிளைநோக்கி:
மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்றால், இன்டெக்ஸை மறுபடி கட்டும் ரீபில்டு கட்டளையை யாராவது ஓட்டினார்களா என்று முதலில் பாருங்கள். அங்கே நான்கிளஸ்டர்டு இன்டெக்ஸை (அட்டவணையின் தரவுக்கு வெளியே தனியாக இருப்பது) முடக்கினால் அதன் தரவு அழிந்து வரையறை மட்டும் மிஞ்சும். ஆப்டிமைசர் எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. ஆனால் 'ஆல்டர் இன்டெக்ஸ் ஆல் ரீபில்டு' என்று ஒரு முறை ஓடினால் முடக்கியவையும் உயிர்பெற்றுவிடும். எங்கள் வாராந்திரப் பராமரிப்பு வேலை நான் முடக்கியவற்றை இப்படித்தான் சத்தமில்லாமல் திருப்பிக் கொண்டுவந்தது. இரண்டு வாரம் கழித்துத்தான் பிடிபட்டது.

நெடுநாள்நிர்வாகி:
தம்பி, கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. தரவுத்தளத்தின் பெயரே இல்லாமல் ஆப்டிமைசரைத் திருத்த வந்திருக்கிறீர்கள். உண்மையாகவே முடங்கிய இன்டெக்ஸை எடுத்த ஆப்டிமைசரை இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை. உங்கள் கட்டளைதான் வேலை செய்திருக்காது. கையேட்டைப் படித்துவிட்டு வாருங்கள்.

வேர்முனை:
ஐயா, நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். நெருக்கடியில் இருப்பவரிடம் அதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாம்.

இரவுப்பணி:
மன்னிக்கவும். மைஎஸ்க்யூஎல் 8.0. கொடுத்தது 'ஆல்டர் டேபிள் … டிசேபிள் கீஸ்'. பேக்கப் கோப்பில் ஒவ்வோர் அட்டவணையின் தரவுக்கு முன்பும் இந்த வரி இருக்கிறது, அங்கிருந்து எடுத்தேன். அனலைஸும் ஓட்டினேன், மாற்றமில்லை.

கிளைநோக்கி:
அட்டவணையின் ஸ்டோரேஜ் என்ஜின் (தரவைச் சேமிக்கும் பகுதி) இன்னோடிபியா, மைஐசாமா?

இரவுப்பணி:
இன்னோடிபி.

வேர்முனை:
அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. டிசேபிள் கீஸ் மைஐசாமுக்கான கட்டளை. அங்கேயும் யூனிக் (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுப்பது) அல்லாத இன்டெக்ஸ்களை மட்டுமே அது நிறுத்திவைக்கும். இன்னோடிபி அதைக் கண்டுகொள்ளாது. கட்டளையை மறுபடி கொடுத்து, பதில் வரியின் கடைசியைப் பாருங்கள்: '0 வரிசைகள் பாதிக்கப்பட்டன' என்பதை அடுத்து '1 எச்சரிக்கை' என்று இருக்கும். உடனே ஷோ வார்னிங்ஸ் கொடுத்தால் 1031 என்ற எண்ணுடன், இந்த ஸ்டோரேஜ் என்ஜினுக்கு அந்த வசதி இல்லை என்று வரும். பிழையாக இல்லாமல் வெறும் குறிப்பாக வருவதால் எல்லோர் கண்ணிலிருந்தும் தப்பிவிடுகிறது. பேக்கப் எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் அந்த வரியை இன்னோடிபி அட்டவணைகளுக்கும் எழுதிவைப்பதால், பார்ப்பவர்கள் அது வேலை செய்கிறது என்றே நம்புகிறார்கள்.

8.0இல் உங்களுக்கு வேண்டியது 'ஆல்டர் டேபிள் … ஆல்டர் இன்டெக்ஸ் … இன்விசிபிள்'. ஆனால் எதற்காக முடக்குகிறீர்கள்? தரவு ஏற்றும் வேகம் கூட வேண்டும் என்றால் இது உதவாது. மறைத்த இன்டெக்ஸும் ஒவ்வோர் இன்செர்ட்டிலும் புதுப்பிக்கப்படும், யூனிக் கட்டுப்பாடும் அப்படியே நிற்கும். ஆப்டிமைசரின் பார்வையிலிருந்து மட்டுமே அது விலகும்.

இரவுப்பணி:
நீங்கள் சொன்னபடி 1031 இருந்தது. இரவில் தரவு ஏற்றுவது இழுக்கிறது. இந்த இன்டெக்ஸை நீக்கினால் எந்த வினவலாவது கெடுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வேர்முனை:
அந்தச் சோதனைக்கு இன்விசிபிள்தான் சரியான வழி. கெட்டால் விசிபிள் என்று மாற்றினால் போதும், லட்சக்கணக்கான வரிசைகளுக்கு இன்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டியதில்லை.

இரவுப்பணி:
மறைத்துவிட்டேன். எக்ஸ்ப்ளெய்னில் பயன்படக்கூடிய இன்டெக்ஸ்களைக் காட்டும் பாசிபிள் கீஸ் பத்தியிலிருந்தே அது போய்விட்டது. ஆனால் ஓர் அறிக்கை ஓடவே மறுக்கிறது. பிழை எண் 1176, அந்தப் பெயரில் கீ (அதாவது இன்டெக்ஸ்) இல்லை என்கிறது. இன்டெக்ஸ் அங்கேதானே இருக்கிறது?

கிளைநோக்கி:
அந்த வினவலில் ஃபோர்ஸ் இன்டெக்ஸ் (இந்த இன்டெக்ஸைத்தான் எடுக்க வேண்டும் என்ற குறிப்பு) இருக்கிறதா?

இரவுப்பணி:
இருக்கிறது. முன்பு யாரோ எழுதியது.

கிளைநோக்கி:
காரணம் அதுதான். மறைத்த இன்டெக்ஸின் பெயரை வினவலில் சொன்னால் மைஎஸ்க்யூஎல் பிழை தரும். எஸ்க்யூஎல் சர்வரும் முடக்கிய இன்டெக்ஸுக்கு அப்படித்தான், அங்கே பிழை எண் 315.

வரிசைக்கணக்கு:
இதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆரக்கிள் தரவுத்தளத்தில் மறைத்த இன்டெக்ஸை வினவலின் குறிப்பில் எழுதியிருந்தாலும் வினவல் வேறு வழியில் ஓடிவிடும். குறிப்பு என்பது ஆலோசனைதான். ஆலோசனையை ஏற்க முடியாததற்காக அறிக்கையையே நிறுத்துவது என்ன நியாயம்?

நெடுநாள்நிர்வாகி:
ஃபோர்ஸ் என்று எழுதியவர் ஆலோசனையா சொன்னார்? அந்த இன்டெக்ஸ் இல்லாமல் இந்த வினவல் தாங்காது என்று தெரிந்துதான் எழுதியிருப்பார். சத்தமில்லாமல் முழு அட்டவணையையும் படிக்க விட்டால் சர்வர் திணறும், ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. பிழை வந்ததால்தான் இந்த அறிக்கை அந்த இன்டெக்ஸை நம்பியிருக்கிறது என்பதே நமக்குத் தெரிந்தது. தம்பி செய்த சோதனையின் நோக்கமும் அதுதானே?

வரிசைக்கணக்கு:
எச்சரிக்கை கொடுத்தால் போதும்.

நெடுநாள்நிர்வாகி:
எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? இந்த இழையின் முதல் பதிவைப் பாருங்கள்.

வரிசைக்கணக்கு:
அது சரிதான். ஆனாலும் நடுராத்திரியில் ஓர் அறிக்கை மெதுவாக வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், வராமலே போனால் பொறுக்க முடியாது. நான் இதிலிருந்து மாறப்போவதில்லை.

வேர்முனை:
இரவுப்பணி, இப்போதைக்கு இன்டெக்ஸை விசிபிள் ஆக்கி அறிக்கையை ஓட்டிவிடுங்கள். பிறகு ஃபோர்ஸ் இன்டெக்ஸை நீக்கிய நகலை, இன்டெக்ஸை மறைத்த நிலையில் எக்ஸ்ப்ளெய்ன் போட்டு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு வினவலுக்கு மட்டும் மறைத்தவற்றையும் ஆப்டிமைசர் பார்க்க வேண்டுமானால் 'யூஸ் இன்விசிபிள் இன்டெக்ஸஸ்' என்ற சுவிட்சை இயக்கலாம்.

இரவுப்பணி:
வினவலிலிருந்து ஃபோர்ஸ் இன்டெக்ஸை நீக்கிவிட்டேன், அறிக்கை ஓடுகிறது. அனைவருக்கும் நன்றி.

வேர்முனை:
மகிழ்ச்சி. இப்போது எக்ஸ்ப்ளெய்னில் கீ பத்தியில் என்ன வருகிறது? அங்கே வெறுமையாக இருந்தால், அதாவது எந்த இன்டெக்ஸும் எடுபடாவிட்டால், மறைத்த இன்டெக்ஸை நீக்கிவிடாதீர்கள்.

கிளைநோக்கி:
இரண்டு நாளாகிவிட்டது. இரவுப்பணி, இன்டெக்ஸை நீக்கிவிட்டீர்களா?