நல்ல படம், ஆனா யாரும் பாக்கல: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

செகண்ட்ஷோ:

குற்றமே தண்டனை யாராவது பாத்திருக்கீங்களா? மணிகண்டன் படம். காக்கா முட்டை எல்லாருக்கும் தெரியும். ஆண்டவன் கட்டளையும் ஓரளவு தெரியும். நடுவுல 2016 செப்டம்பர் 2ஆம் தேதி இது வந்துச்சு. மூணே வாரத்துல ஆண்டவன் கட்டளை ரிலீஸ், அதோட இதைப் பத்திப் பேச்சே இல்ல. பாட்டு கிடையாது, இளையராஜாவோட பின்னணி இசை மட்டும். விதார்த்துக்குப் பக்கவாட்டுப் பார்வை போயிட்டே இருக்கும். அவர் பாக்குற மாதிரி காட்டும்போதெல்லாம் திரையோட ஓரமெல்லாம் கறுத்து, நடுவுல ஒரு வட்டம்தான் தெரியும்.

எங்க ஆபீஸ்ல ஒருத்தர் முன்னாடி கிரெடிட் கார்டு கலெக்‌ஷன்ல இருந்தவர். படத்துல விதார்த்துக்கும் அதே வேலைங்கிறதால "சார், நீங்க கண்டிப்பா பாருங்க"ன்னு சொன்னேன். மறுநாள் வந்தார். நல்லாருக்கு, நல்லால்ல, எதுவும் சொல்லல. டீ குடிக்கும்போது மட்டும், "அவன் கேட்ட பணம் ஒண்ணும் ஜாஸ்தி இல்லப்பா"ன்னார். கொலை சம்பந்தமா தனக்குத் தெரிஞ்சதை வெச்சு ஒருத்தன் காசு பாக்குறான். இவர் ரேட்டு நியாயமான்னு கணக்கு போட்டிருக்கார். சிரிச்சுட்டு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். சிரிக்கல.

கிளைமாக்ஸ் சொல்ல மாட்டேன். உங்களுக்கு இப்படி ஏதாவது படம், ஏதாவது ஆள் இருந்தா எழுதுங்க.

போடிக்காரன்:

மேற்குத் தொடர்ச்சி மலை. 2018. லெனின் பாரதி எடுத்தது, விஜய் சேதுபதி தயாரிப்பு. கதையெல்லாம் சொல்ல வேண்டியதில்ல, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

எங்க அய்யா அந்தக் காலத்துல ஏலத்தோட்டத்துல மூட்டை தூக்குனவரு. தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனா படம் ஆரம்பிச்ச பத்தாவது நிமிசம் தூங்கிருவாரு. இந்தப் படத்துக்குத் தூங்கல. படத்துல ஹீரோ ரெங்கசாமி ஏலக்காய் மூட்டையோட மலையிலருந்து எறங்கும்போது இவரு சீட்டுல ஒக்காந்துக்கிட்டே கழுத்தை ஒரு பக்கமாச் சாய்க்கிறாரு. நாலஞ்சு வரிசை தள்ளி இருந்தவங்க திரும்பிப் பாக்குற அளவுக்கு, "காலைப் பாத்து வைடா, காலைப் பாத்து வைடா"ங்கிறாரு. ஏலக்காய் செதறுச்சு பாருங்க, அப்ப "ச்சே"ன்னு எந்திரிச்சே நின்னுட்டாரு. நான் சட்டையப் பிடிச்சு ஒக்கார வச்சேன்.

கடைசியில, தன் கையவிட்டுப் போன நெலத்துல நிக்கிற கரண்டு காத்தாடிக்கு அடியில ரெங்கசாமி வாட்ச்மேனா ஒக்காந்திருப்பாருல்ல, கேமரா மேல போகப் போக ஊரெல்லாம் காத்தாடியா நிக்கும். அதுக்கு அய்யா ஒண்ணுமே சொல்லல. வெளிய வந்து, "அந்த எடத்துக்கு என்னா வெல குடுத்திருப்பாய்ங்க?"ன்னு மட்டும் கேட்டாரு. எனக்கு என்னத்தத் தெரியும். அடுத்த வெள்ளிக்கெழம அந்தத் தியேட்டர்ல வேற படம் ஓடுச்சு.

கோலப்பொடி:

எனக்கு சந்தியா ராகம். பாலு மகேந்திரா, 1989. வீடு படத்தைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. அதே சொக்கலிங்க பாகவதர், அதே அர்ச்சனா இருந்தும் இதை ஏன் விட்டுட்டாங்கன்னு புரியவே இல்லை. குடும்ப நலம் பத்தின சிறந்த படம்னு தேசிய விருது வேற. ஒருவேளை அந்தத் தலைப்பைப் பாத்துப் பயந்துட்டாங்களோ என்னவோ.

மனைவி இறந்ததும் ஒரு பெரியவர் கிராமத்துலேர்ந்து மெட்ராசுக்கு, அண்ணன் தம்பி பிள்ளை வீட்டுக்கு வந்து தங்குறார். வீடு சின்னது, சம்பளம் சின்னது, யாரும் கெட்டவங்க இல்லை. தெருவுல பிள்ளைங்க போட்டுட்டுப் போன பாண்டிக் கட்டத்தைப் பாத்துட்டு பாகவதர் தனியா நொண்டி அடிப்பார். அந்த இடத்துல எங்க மாமனார் கைதட்டிச் சிரிச்சார். ஊர்லேர்ந்து வந்து அப்போ எங்க கூடத்தான் இருந்தார், ஹால்ல படுப்பார். படம் போகப் போக சிரிப்பு நின்னுடுச்சு. எனக்கு ரிமோட்டை எடுத்து அணைச்சுடலாம்னு தோணுது, அணைச்சா அது இன்னும் மோசம். என் வீட்டுக்காரர் போனைப் பாத்துட்டு இருக்கார்.

மறுநாள் காலையில நான் எழுந்து வரும்போது ஹால்ல பாய், தலையணை எதுவும் இல்லை. எல்லாத்தையும் மடிச்சுப் பரண்ல போட்டுட்டு, குளிச்சுட்டு, நாற்காலியில உக்காந்திருக்கார். தினமும் ஏழரை வரைக்கும் தூங்குறவர். அன்னியிலேர்ந்து ஊருக்குப் போற வரைக்கும் அப்படித்தான். நான் ஒண்ணும் கேக்கலை, அவரும் ஒண்ணும் சொல்லலை.

கரண்ட்கட்:

எல்லாம் சரி, ஆனா ஒரு விஷயம் கேக்கணும். தேசிய விருது வாங்கினது, ஓடிடியில கிடைக்கிறது, பத்திரிகையில நாலு பக்கம் எழுதினது எல்லாம் "கவனிக்கப்படாத படம்"னா, நிஜமா கவனிக்கப்படாததை எங்கே வைக்கிறது? செகண்ட்ஷோ, உங்க படத்தை ரசிகர் வட்டத்துல கொண்டாடிட்டுதான் இருக்காங்க. இந்த அண்டர்ரேட்டட்ங்கிற வார்த்தையை வெச்சே சில படங்கள் பிழைக்குது. ஆரண்ய காண்டம் ஒண்ணு போதும்.

அதை நான் 2011 ஜூன்ல தியேட்டர்லயே பாத்தவன். சென்சார்ல 52 கட் கேட்டு, டில்லி ட்ரிப்யூனல் வரைக்கும் போய் மீண்டு வந்த படம்னு அப்போ எங்க கூட்டத்துல யாருக்கும் தெரியாது. யுவன் பேர் இருக்கேன்னு போனோம். ஒரு பாட்டு கூட இல்லை. இடைவேளைக்கு முன்னாடியே பின்வரிசையிலேர்ந்து "பாட்டு போடுங்கடா"ன்னு கத்தல், விசில். அதுல சத்தமா கத்தினவன் என் கூட வந்தவன்தான், ஸ்கூல்லேர்ந்து பழக்கம். பாதியில எழுந்து பரோட்டா சாப்பிடப் போயிட்டான். நான் மட்டும் உக்காந்து, கொடுக்காப்புளிங்கிற சின்னப் பையன் தன் அப்பனைப் பத்திச் சொல்ற அந்த பதிலைக் கேட்டுட்டு, பஸ்ஸுல வாயே தொறக்காம வந்தேன்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துல அதே ஆள் நாலு சின்னப் பசங்களை உக்கார வெச்சு, "நாங்கல்லாம் அதை முதல் நாளே கொண்டாடினோம், ஊர்தான் கண்டுக்கல"ன்னு கிளாஸ் எடுக்குறான். சிங்கபெருமாளா ஜாக்கி ஷெராப்பைப் போட்டதைப் பத்தி, வினோத் ஒளிப்பதிவைப் பத்தி, எடிட்டிங்குக்கு தேசிய விருது வந்ததைப் பத்தி. எல்லாமே கரெக்ட். பரோட்டாவை மட்டும் விட்டுட்டான். நான் எதிர்ல உக்காந்து ரசம் சாதம் சாப்பிட்டுட்டு இருந்தேன்.

செகண்ட்ஷோ:

கரண்ட்கட் சார், விருது குடுத்தவங்க பாத்திருக்காங்க, சரி. ஊர்ல எத்தனை பேர் பாத்தாங்க? ரசிகர் வட்டம்னு நீங்க சொல்றது ஒரு ஐநூறு பேர், அவங்களும் அவங்களுக்குள்ளயேதான் பேசிக்கிறாங்க. உங்க ஃப்ரெண்ட் கதை அருமை, ஆனா அது என் பக்கம்தான் சேருது.

ரிமோட்மாமா:

டூலெட். செழியன் படம், 2019ல தியேட்டருக்கு வந்தது. பின்னணி இசையே கிடையாது. என் மனைவி அரை மணி நேரம் பாத்துட்டு, "டிவியில சவுண்டு பாதி வரலை, போன் பண்ணி ஆளை வரச் சொல்லுங்க"ன்னா. நானும் ஒயரை ஆட்டிப் பாத்தேன். 2007ல ஐடி கம்பெனிக்காரங்களால வாடகை ஏறி, வீடு தேடி அலையுற குடும்பம். நாங்களும் அதே வருஷம் அதே மாதிரி அலைஞ்சவங்க. சத்தம் சரியாத்தான் இருக்குன்னு தெரிஞ்சதும் அவ எழுந்து போகலை.

இது இருக்கட்டும். நீங்க எல்லாரும் படத்தைச் சொல்றீங்க, பாக்குற முறையைச் சொல்ல மாட்டேங்கிறீங்க. முதல்ல டிவி செட்டிங்ஸ்ல மோஷன் ஸ்மூத்திங்னு ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு பேர் வெச்சிருப்பான், அதை அணைங்க. சினிமா எடுக்குறது வினாடிக்கு 24 ஃப்ரேம். டிவி நடுவுல தானா ஃப்ரேம் செஞ்சு சொருகும், எல்லாம் சீரியல் மாதிரி வழவழன்னு தெரியும். குற்றமே தண்டனையில அந்த வட்டத்தை இப்படிப் பாத்தா ஒண்ணுமில்லாமப் போயிடும். பிக்சர் மோட் சினிமாவுல வைங்க. பழைய படத்தைத் திரை முழுக்க இழுக்காதீங்க, பாகவதர் பாவம், குண்டாத் தெரிவார். வசனம் காதுல விழலைன்னா ஆடியோவை ஸ்டீரியோவுக்கு மாத்துங்க.

ரெண்டாவது, சிபாரிசு பண்றது எப்படின்னு தெரியணும். குடும்ப குரூப்புல மொத்தமா போட்டா ஒருத்தனும் பாக்க மாட்டான். ஒரு ஆளுக்கு ஒரு படம், நேர்ல, அதோட விட்டுடணும். "கொஞ்சம் ஸ்லோ, ஆனா நல்லாருக்கும்"னு சொல்லவே கூடாது. ஸ்லோங்கிற வார்த்தை காதுல விழுந்ததும் அவன் போனை எடுத்துடுவான். பக்கத்துல உக்காந்து அவன் மூஞ்சியையே பாக்காதீங்க. "இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாரு"ன்னு சொல்றவனை வீட்டுக்குள்ளயே விடக் கூடாது. எங்க மச்சினர் ஒருத்தர் அப்படி. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடாதீங்க, சனிக்கிழமை காலையில போடுங்க. பாத்து முடிச்சதும் "எப்படி இருந்துச்சு"ன்னு கேக்காதீங்க, ரெண்டு நாள் கழிச்சு அவனே வருவான். வரலைன்னா அவனுக்குப் பிடிக்கலை, விடுங்க.

வடமராட்சி:

ரிமோட்மாமா அண்ணை, செட்டிங்ஸ் எல்லாம் நல்லாத்தான் சொல்லுறியள். பார்க்கிறதுக்குப் படம் கிடைச்சால்தானே உதெல்லாம்.

நான் சொல்ல வந்தது பொன்மணி. 1977. தர்மசேன பத்திராஜ எண்ட சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்திலை வந்து எடுத்த தமிழ்ப்படம். அந்த நாளையிலை அவர் யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்திலை படிப்பிச்சவர். சீதனம், சாதி, கலியாணமாகாமல் வீட்டோடை இருக்கிற பெட்டையள், எங்கட ஊர்க்கதைதான். ஆனால் எங்கட சனம் பார்க்கேல்லை, படம் ஓடேல்லை. அப்ப எங்களுக்கு இந்தியப் படம்தானே படம்.

கன வருசத்துக்குப் பிறகு ஒரு திரையிடலுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனனான். அம்மா கதையைப் பார்க்கவே இல்லை. ஆக்கள் கதைச்சுக்கொண்டு நிக்க, இவ அவைக்குப் பின்னாலை தெரியிற வேலியையும் ஒழுங்கையையும் பார்த்துக்கொண்டு, "உது எந்த இடம், உது எந்த இடம்" எண்டு என்னைச் சுரண்டுறா. பக்கத்திலை இருந்தவர் "சத்தம் போடாதேங்கோ அம்மா" எண்டார். அம்மா அவரிட்டயும் கேட்டா. அந்த மனிசன் யோசிச்சுப்போட்டு ஒரு இடம் சொன்னார், அம்மா இல்லை எண்டா, பிறகு ரெண்டு பேரும் முடியுமட்டும் அதிலேயே நிண்டவை.

போடிக்காரன்:

ரிமோட்மாமா, எங்க அய்யாவுக்கு மோஷன் ஸ்மூத்திங்கும் இல்ல ஒண்ணும் இல்ல. தியேட்டர்ல பக்கத்துல ஒக்காந்து அவரு மூஞ்சியத்தான் பாத்தேன். பாக்காம இருந்திருந்தா இந்தக் கதையே இல்ல.

வடமராட்சி அண்ணே, அம்மா கடைசி வரைக்கும் எந்த எடம்னு கண்டுபிடிச்சாங்களா இல்லையா, அதைச் சொல்லாம விட்டீங்களே.

சாத்தூர்வெயில்:

பூ படத்தை ஒருத்தரும் சொல்லலயா? சசி எடுத்தது, 2008. ச. தமிழ்ச்செல்வனோட "வெயிலோடு போய்" கதை. பார்வதிக்குத் தமிழ்ல அதுதான் முதல் படம். அந்தப் பிள்ளை எங்க ஊர்ப் பக்கத்துப் பிள்ளை இல்லைன்னு சொன்னா எங்க தெருவுல இன்னும் நம்ப மாட்டாங்க.

எங்க அத்தை பட்டாசு ஆபீஸ்ல வேலை பாத்தவங்க. லீவு நாள்ல எங்க வீட்டு டிவியில போட்டோம், அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க நாலஞ்சு பேரு வந்து உக்காந்துட்டாங்க. கடைசியில மாரி, அதான் பார்வதி, தான் ஆசைப்பட்டும் கட்டிக்க முடியாமப் போன தங்கராசு வீட்டைப் பாத்துட்டு வந்து அழுவாள்ல, அப்ப சண்டை ஆரம்பிச்சுச்சு. ஒரு அக்கா, "புருசன் தங்கமா வச்சிருக்கான், இவளுக்கு எதுக்கு இந்த அழுகை?"ன்னு கேட்டுட்டாங்க. அத்தை சட்டுனு, "உனக்கு என்ன தெரியும்?"னு ஒரு அதட்டு. எல்லாரும் கப்சிப். அந்த அக்கா கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. எங்க மாமா வாசல்ல கட்டில்ல படுத்திருந்தாரு, தூங்கலை, தூங்குற மாதிரி இருந்தாரு.

அத்தைகிட்ட இப்பவும் அந்தப் பேச்சை எடுத்தா, தப்பு பூராம் தங்கராசு மேலதாங்கிறாங்க. நான் இல்லைங்கிறேன், அவன் என்ன பண்ணுவான் பாவம், அவன் சூழ்நிலை அப்படி. பாத்தவங்க யாராவது வந்து சொல்லுங்க, எங்க பஞ்சாயத்து தீராம கெடக்கு.