பெங்கார், பெங்கார்சே: இந்த 'சே' ஏறிய வினைக்கு என்ன பெயர் வைப்பது?

அன்பின் குழுவினருக்கு,

எசுப்பானிய வினைச்சொல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, நான் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பெங்கார் என்றால் பழிவாங்குவது. ஆனால் அதற்குச் செயப்படுபொருள் எதிரி அல்ல, அடிபட்டவர், அல்லது அவருக்கு நேர்ந்த கொடுமை. 'பெங்கோ அ சு பாத்ரே' என்பதற்கு வகுப்பில் பாதிப் பேர் "தந்தையைப் பழிவாங்கினான்" என்று எழுதிவிட்டார்கள். பாவம் அந்தத் தந்தை, அவருக்காகத்தான் பழிவாங்கினான்! எதிரியைச் சொல்ல 'சே' (தன்னை, தனக்கு என்னும் சொல்) சேர்த்து பெங்கார்சே ஆக்கி, ஆளுக்கு முன் 'தே', காரணத்துக்கு முன் 'போர்' போடவேண்டும். இந்தச் 'சே' வினையைத் தன்வினை எனலாமா?

> தன்வினை எனலாமா?

கூடவே கூடாது. திருந்தினான் தன்வினை, திருத்தினான் பிறவினை. அந்தச் சொல் எப்போதோ விலைபோயிற்று. தற்சுட்டு வினை என்க, செய்பவனையே திரும்பச் சுட்டுவதால். அப்புறம், பெங்காரில் நம் 'வெஞ்சினம்' ஒலிப்பது யார் காதிலும் விழவில்லையா?

ஐயா, வெஞ்சினத்தை விட்டுவிடுங்கள். அது இலத்தீன் 'விந்திகாரே'யின் பிள்ளை. தற்சுட்டு என்றால் "தன்னையே பழிவாங்கினான்" என்றல்லவா எழுதுவார்கள்? பழிவாங்கிக்கொண்டான் என்பதில் வரும் 'கொள்' இருக்க, கொள்வினை என்றால் போதாதா?

கொள்வினையா? அடுத்த பக்கத்தில் கொடுப்பினையும் வருமா, சம்பந்தம் பேசப் போகிறோமா? பாணினியின் சமஸ்கிருத இலக்கணத்தில், பயன் செய்பவனுக்கே சேரும் வினைக்கு ஆத்மநேபதம் என்ற பெயர் இருக்கிறதே.

பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு ஆத்மநேபதமா? ஸ்பானிஷ் என்று எழுதினாலே இங்கே சிலருக்கு முகம் சுளிக்கிறது!

தற்சுட்டில் தவறே இல்லை. பெங்கார் அடிபட்டவரைச் செயப்படுபொருளாக ஏற்கும் என்று முதல் மடலிலேயே இருக்கிறது. 'சே' வந்தால் அடிபட்டவன் அவனே, அதனால் தனக்காகப் பழிவாங்குகிறான். பிறகு தந்தையின் சாவுக்கும் அதையே சொல்லும் அளவுக்கு வழக்கு விரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, நேரமில்லை. தற்சுட்டு வினை என்றே அனுப்பிவிட்டேன், அடைப்புக்குள் கொள்வினையும் உண்டு. இனி மாற்ற முடியாது.

அடைப்புக்குறியை நான் ஏற்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். போகட்டும், பெங்கோவில் கடைசி அசையை அழுத்தினால்தான் "பழிவாங்கினான்". முதல் அசையை அழுத்தினால் "பழிவாங்குகிறேன்", "வருகிறேன்" இரண்டும் அதுவே. அதையாவது குறித்தீர்களா?