பென்சன்காரருக்கும் அதே சோலைவரியா?

வாவிக்கரையான்:
காலாண்டுக்கு 620 ரூபாய் சோலைவரி, அதாவது மாநகர சபைக்குக் கட்டும் வீட்டு வரி, கட்டிவந்த வீட்டுக்கு, புது மதிப்பீட்டுக்குப் பிறகு வந்த துண்டில் 1,850 போட்டிருக்கிறது. வீடு அதே வீடுதான். 1978 சூறாவளிக்குப் பிறகு மேய்ந்த ஓடு, முன்விறாந்தை, கிணற்றடி, பின்னுக்கு இரண்டு தென்னை. ஓய்வு பெற்றுப் பதினொரு வருடம். சுற்றிவர விருந்தினர் விடுதி முளைத்ததற்கு நானா பொறுப்பு? மட்டக்களப்பு நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பென்சன்காரருக்கு வரியில் தனிக் கழிவு (தள்ளுபடி) வேண்டும்.

கல்லடிப்பாலம்:
ஐயா, கோபிக்க வேண்டாம். மாதக் கணக்கில் அது அறுநூற்றுச் சொச்சம். நான் இரண்டு அறைக்கு மாதம் 25,000 கட்டுகிறேன். முற்பணத்துக்கு மனுசியின் காப்பு இன்னும் அடகில். மாரி வந்தால் வடிகான் துப்புரவாக்கவில்லை என்று முதலில் சத்தம் போடுவதும் வீட்டுக்காரர்தான். கான் எந்தக் காசில் வெட்டுவது?

வாவிக்கரையான்:
தம்பி, கணக்குச் சரி. ஆனால் வரி எதன்மேல்? வருடாந்தப் பெறுமதியின்மேல். அதாவது, வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று ஒரு மதிப்பு. நான் விடவில்லையே, குடியிருக்கிறேன். கைக்கு வராத வாடகைக்கு வரி! 2022இல் டொலர் 200இலிருந்து 360க்குப் போனபோது பிரஷர் குளிசையும் கூடவே ஏறியது. பென்சன் அந்த வேகத்தில் ஏறவில்லை.

கல்லடிப்பாலம்:
பென்சன் என்று ஒன்று இருக்கிறதே. எழுபது வயதில் வாவியில் வலை வீசுகிறவருக்கு அதுவும் இல்லை. கழிவு கொடுப்பதென்றால் அவருக்கல்லவா முதலில்? கனடாவிலிருந்து மகன் காசு அனுப்புகிற ஓய்வூதியருக்கும் கழிவா? கட்டுப்படியாகாவிட்டால் விற்றுவிட்டு நகரத்துக்கு வெளியே போகலாம்.

அரசடிப் பிள்ளை:
விற்கச் சொல்வது லேசு. தம்பி வெளியூர் போல. எங்கள் பக்கம் வீடு தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போகும். எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பின்அறைக்கு மாறுவார்கள். பிறகு எதை விற்பது?

ஐயாவுக்கும் ஒன்று. தனிக் கழிவு வரும்போது வரட்டும், இருக்கிற கழிவை விடாதீர்கள். வருடக் காசு முழுவதையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம், காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம். மதிப்பீடு கூடவென்றால் துண்டில் போட்ட திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபியுங்கள். வயதையும் வருத்தத்தையும் எழுதிப் பிரயோசனமில்லை. பழைய ஓடு, வெடித்த சுவர், ஒழுங்கையின் அகலம், அதே ஒழுங்கையில் உண்மையில் போகிற வாடகை, இவற்றை எழுதுங்கள்.

கல்லடிப்பாலம்:
சீதன விசயம் எனக்குப் பிடிபடவில்லை, மன்னிக்கவும். விடுதிக்காரரிடம் கூட்டி எடுத்து, குடியிருக்கும் வீட்டுக்குக் குறைத்தால் நான் எதிர்க்க மாட்டேன். வயதுக் கழிவுக்கு மட்டும் இன்னும் உடன்பாடில்லை.

அப்புறம் ஐயா, பகிடி இல்லை, உண்மையாகவே கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு பக்கத்தை வாடகைக்கு விடுவீர்களா? வரியும் அதில் போய்விடும்.

வாவிக்கரையான்:
மகளிடம்தான் கேட்க வேண்டும் தம்பி. வீடு அவளுடைய பெயரில்.