வெறுப்புப் பதிவுக்குப் பதில் எழுதலாமா, கடந்து போகலாமா?

நெல்லைக்காரன்:
அகதிகளைத் திட்டி எவனோ போட்ட பதிவுக்கு நேற்று இருபது பேர் வரிந்துகட்டிப் பதில் எழுதியிருந்தார்கள். பத்துப் பேர் பார்த்திருக்க வேண்டியது ஊரெல்லாம் சுற்றியது. கைதட்டலோ வசவோ, தளத்துக்கு எல்லாம் ஒரே கணக்கு. புகார் கொடுத்துவிட்டு நகர்வதே உத்தமம்.

மழைக்காகம்:
அந்தக் கணக்கையே ஜெர்மனியில் திருப்பிப் போட்டார்கள். 2016 டிசம்பரில் தொடங்கிய முகநூல் குழு 'இஷ் பின் ஹியர்', அதாவது 'நான் இங்கே இருக்கிறேன்'. ஸ்வீடனில் பத்திரிகையாளர் மீனா டெனர்ட் ஆரம்பித்த குழுதான் முன்மாதிரி. செய்திகளுக்குக் கீழே வசவு குவியும் இடத்துக்குப் போவார்கள். திட்டியவனோடு மல்லுக்கு நிற்பதில்லை. ஒருவர் நிதானமாக எழுதுவார், மற்றவர்கள் அதற்கு லைக் போடுவார்கள். அது மேலே ஏறும், வசவு கீழே இறங்கும். அடுத்து வருகிறவர் எதைப் படித்துவிட்டுப் பேசத் தொடங்குகிறார் என்பதே மாறிவிடுகிறது.

நெல்லைக்காரன்:
கூட்டம் கூட்டி லைக் போடுவதை எதிர்த்தரப்பும்தான் செய்தது. 'ரெகொன்கிஸ்டா ஜெர்மானிகா' என்று இணையத்தில் ஒரு வலதுசாரிப் படை. அதற்குப் போட்டியாக 2018இல் தொலைக்காட்சி நையாண்டிக்காரர் யான் பெமர்மான் 'ரெகொன்கிஸ்டா இன்டர்நெட்' தொடங்கினார். ஒரே தெருவில் ரெண்டு மைக்செட் கட்டிய கதை. யார் காதில் எது விழும்?

வாசுகி:
அண்ணா, சத்தத்தைவிட தொனிதான் முக்கியம் போல. 2021இல் சூரிச் ஆய்வாளர்கள் ட்விட்டரில் இனவெறுப்பு எழுதிய 1,350 பேரிடம் சோதித்தார்கள். கிண்டலும், 'உன் வீட்டார் இதைப் பார்ப்பார்கள்' வகை எச்சரிக்கையும் பெரிதாக எடுபடவில்லை. 'இதைப் படிக்கிறவருக்கு எவ்வளவு வலிக்கும்' என்று சொன்னபோது சிலர் பழைய பதிவை அழித்தார்கள், புதிதாக எழுதுவதும் குறைந்தது. மாற்றம் சின்னதுதான், மிகைப்படுத்த மாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அமெரிக்காவில் கெவின் மங்கர் என்ற ஆய்வாளர், ட்விட்டரில் கறுப்பினத்தவரை வசைச்சொல்லால் திட்டிய வெள்ளையர்களைப் போலிக் கணக்குகள் வழியே கண்டித்துப் பார்த்தார். வெள்ளையர் முகமும் நிறைய பின்தொடர்வோரும் இருந்த கணக்கு சொன்னபோதுதான் குறைத்துக்கொண்டார்கள்.

நெல்லைக்காரன்:
அப்படியானால் திட்டு வாங்கியவர் சொன்னால் ஏறாது. அவரைப் போய் 'பதில் சொல்லு' என்று தள்ளிவிடுவது அநியாயம் இல்லையா?

மழைக்காகம்:
அவரை யார் தள்ளினார்கள்? நகராதீர்கள் என்று நான் சொல்வது உங்களை. நீங்கள் சொன்னால் அவன் கேட்க வாய்ப்புண்டு. புகாரையும் கொடுங்கள், வேண்டாம் என்றா சொன்னேன்?

நெல்லைக்காரன்:
அது நேற்றே கொடுத்தாயிற்று. அவன் தாயை இழுத்துப் பதில் எழுதிய நம்மாட்கள் மூன்று பேர் மீதும் சேர்த்து.