இலங்கைப் பயணத் திட்டம் (காரைக்குடியிலிருந்து) – புதுப்பிப்பு

ஆகஸ்டில் அப்பச்சி (அப்பா), ஆத்தாவுடன் (அம்மா) முதன்முறையாக இலங்கை போக வழித்திட்டம் கேட்டிருந்தேன். நல்லபடியாகப் போய்வந்தோம், பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "தென்மேற்குப் பருவமழையில் காலி, பெந்தோட்டை போன்ற தென்மேற்குக் கடற்கரை ஊர்கள் வேண்டாம், கிழக்கே போங்கள்" என்ற யோசனைதான். கொழும்பில் தூறல், திருகோணமலையில் நல்ல வெயில், அலையடங்கிய கடல். பாறைமேல் பழங்கோட்டை உள்ள சிகிரியாவும் போகிற வழியிலேயே அமைந்தது. சுமார் 1,200 படிகள். காலையில் நேரத்தோடு ஏறிவிடுங்கள்.

கொழும்பு செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலைச் சேர்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. நகரத்தார் எழுப்பிய கோயில், முருகனுக்கான ஆடிவேல் திருவிழா ரதம் புறப்படும் இடம். ஐயா (தாத்தா) கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யப் போன கதைகளைக் கேட்டே வளர்ந்த அப்பச்சி, வேலின்முன் கைகூப்பியவர் நெடுநேரம் நகரவில்லை. இந்த ஓர் இடத்துக்காகவே போயிருக்கலாம்.

எதிர்பாராதது கண்டி. எசல பெரஹெரா (புத்தரின் புனிதப் பல் உள்ள தலதா மாளிகையின் ஊர்வலத் திருவிழா) நடந்துகொண்டிருந்ததால் அறை வாடகை எட்டாத உயரத்தில் இருந்தது. மாலையில் ஊர்வலத்துக்காகச் சாலைகளையும் மூடிவிட்டார்கள். தம்புள்ளையில் தங்கி, பகலில் தலதா மாளிகையைப் பார்த்துத் திரும்பினோம். பெரஹெரா ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்டில் பௌர்ணமியை ஒட்டி வரும். அந்தத் தேதியைப் பார்த்த பிறகே கண்டியில் அறை போடுங்கள்.