மறு: ‘விரைவுக் கட்டுப்படுநிலைச் சோதனை’ சரியா?

> ‘உணர்திறன்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா. ஒரு கிருமியை எந்த மருந்து அடக்கும் என்று ஆய்வகத்தில் பார்க்கும் சோதனைக்கும் (ஆங்கிலத்தில் ‘சஸ்செப்டிபிலிட்டி டெஸ்ட்’), சில மணி நேரத்தில் முடியும் அதன் விரைவு வடிவத்துக்கும் தமிழ்ப்பெயர் பற்றியே பேச்சு. ஒரு சோதனை நோயுள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது என்பதையும் நாம் உணர்திறன் என்றே எழுதுகிறோம். ‘உணர்திறன் சோதனையின் உணர்திறன்’ என்று ஒரு வரி வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம். ‘ஏற்புத்திறன்’ காந்தவியலுக்குப் போய்விட்டது.

‘மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி’ என்று எல்லாரும் சொல்கிறோம். அதிலிருந்தே எடுக்கலாம்: அறிக்கையில் எஸ் (S) என்றால் கட்டுப்படும், ஆர் (R) என்றால் கட்டுப்படாது. நடுவில் வரும் ஐ-க்கு (I) ‘இடைநிலை’ இனி ஒத்துவராது. 2019 முதல் யூகாஸ்ட் (EUCAST, இச்சோதனைகளுக்கு நெறி வகுக்கும் ஐரோப்பியக் குழு) தரும் பொருள், மருந்து கிருமியைப் போதிய அளவு எட்டினால் கட்டுப்படும் என்பது. அளவைக் கூட்டியோ, வேளைகளைக் கூட்டியோ, ஏற்றும் முறையை மாற்றியோ அதைச் செய்யலாம். ஆகவே ‘மிகுமருந்தில் கட்டுப்படும்’. கட்டுப்படுவது கிருமியை மட்டுமல்ல, மருந்து எட்டும் அளவையும் பொறுத்தது; இதனால்தான் ‘திறன்’ வேண்டாம், ‘நிலை’ போதும் என்கிறேன்.

---

> விரைவு = நேரடி என்று கொள்ளலாமா?

கூடாது. இரத்த வளர்ப்புக் குப்பியிலிருந்து நேராகத் தட்டில் பரப்பி, மறுநாள் படித்தால் அது நேரடிதான், விரைவு அல்ல. யூகாஸ்ட் முறையில் இரண்டும் சேர்கின்றன. வளர்ச்சி உண்டு என்று கருவி காட்டிய குப்பியிலிருந்து 100 முதல் 150 மைக்ரோலிட்டர், நீர்க்காமல், 90 மில்லிமீட்டர் முல்லர்-ஹின்டன் தட்டில் (கிருமி வளர்க்கும் ஊடகம் ஊற்றியது) பரப்ப வேண்டும். மருந்து தோய்ந்த வில்லைகளை வைத்துத் தாமதிக்காமல் 35 டிகிரியில் வைத்து, வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தின் விட்டத்தை 4, 6, 8 மணி நேரத்தில் படிக்கிறோம். வழக்கமான முறையில் தனிக் குடியிருப்பிலிருந்து (தட்டில் கிருமி பெருகி உண்டான தனிப் புள்ளி) 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற குறித்த அடர்த்தியில் கலங்கல் செய்து, பரப்பி, மேலும் 16 முதல் 20 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

படிக்கும்போதுதான் தகராறு. நான்காம் மணியில் வளர்ச்சி மெல்லிய படலமாகவே இருக்கும். மூடியைத் திறந்து, கருப்புப் பின்னணியில் தட்டைச் சாய்த்து, மேற்பக்கமாகப் பார்த்தால்தான் வளையத்தின் விளிம்பு தெரியும். தெரியாவிட்டால் ஊகித்து அளக்காமல் திரும்ப உள்ளே வைத்துவிடுவதே நல்லது. குப்பியில் இரண்டு இனம் கலந்திருந்தால் முடிவு செல்லாது. கிராம் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்துவிட்டே இறங்க வேண்டும். இனம் தெரியாமலும் விட்டத்துக்குப் பொருள் சொல்ல முடியாது, எஸ், ஆர் என்று பிரிக்கும் எல்லை அளவுகள் இனத்துக்கு இனம் வேறு. அதைவிட மோசம், 6 மணி விட்டத்தை வழக்கமான முறையின் 18 மணி அட்டவணையில் வைத்துப் பார்ப்பது. கட்டுப்படாததைக் கட்டுப்படும் என்று சொல்லிவிட்டால் நோயாளிக்குப் பயனற்ற மருந்து ஏறும். ‘மிகப் பெரும் பிழை’ என்று துறையில் சொல்வது இதைத்தான்.

---

> மரபணுச் சோதனையையும் இதே தலைப்பில் சேர்க்கலாமே, இன்னும் விரைவாயிற்றே.

சேர்க்க வேண்டாம் அம்மா. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸில் மெக்-ஏ மரபணு கிடைத்தால் மெத்திசிலினுக்குக் கட்டுப்படாது என்று எழுதலாம். ஆனால் கிராம்-எதிர் கிருமியில் தேடிய கார்பபெனமேஸ் (மெரோபெனம், இமிபெனம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதி) மரபணுக்கள் இல்லை என்பதற்காக மெரோபெனமுக்குக் கட்டுப்படும் என்று எழுத முடியாது. தேடாத நொதி இருக்கலாம், மருந்து கிருமிக்குள் புகும் போரின் வாயில்கள் அடைபட்டிருக்கலாம். கார்பா-என்பி என்ற நிறமாற்றச் சோதனையும் அப்படியே: ஃபீனால் சிவப்பு நிறங்காட்டி 2 மணி நேரத்துக்குள் மஞ்சளானால் இமிபெனமைச் சிதைக்கும் நொதி இருக்கிறது, அவ்வளவுதான். இவற்றுக்கு ‘எதிர்ப்புக்கூறு கண்டறிதல்’ பொருந்தும். கிருமியை மருந்தோடு வளரவிட்டுப் பார்ப்பதற்கு மட்டும் கட்டுப்படுநிலைச் சோதனை என்பதை ஒதுக்குவோம்.

‘பிரேக்பாயின்ட்’டுக்கு ‘முறிவுப்புள்ளி’ என்று ஒருவர் எழுதியிருந்தார்; எதுவும் முறிவதில்லை, ‘எல்லை அளவு’ போதும். விரைவு அட்டவணையில் எஸ்-க்கும் ஆர்-க்கும் நடுவே வரும் பகுதிக்கு ‘ஐயப்பகுதி’ என்கிறேன். அதில் விழுந்த விட்டத்தை ‘மிகுமருந்தில் கட்டுப்படும்’ என்று அறிக்கையில் எழுதிவிடக் கூடாது. முந்தையது அளவீட்டின் ஐயம், பிந்தையது மருத்துவ முடிவு. ஐயப்பகுதியில் விழுந்த தட்டை மீண்டும் அடைகாத்து அடுத்த நேரத்தில் படிக்க வேண்டும். 8 மணியிலும் அங்கேயே நின்றால் வழக்கமான முறைக்குப் போக வேண்டியதுதான்.